சிரிக்கிறவர்கள் வரும் பஸ்

என் தம்பிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் கொண்டுவந்த சீரில் ஒரு டிவி காமெடி நடிகரும் இருந்தார். முதலில் வாழைத்தார், அப்புறம் ஆட்டுக்கிடா, அதற்கும் பின்னால் அவர். பாளையம்பட்டியில் கடை வைத்திருந்த மாமா எதையும் ஊரைவிட ஒரு படி கூடச் செய்தால்தான் தூங்குவார். பிள்ளைகள் நாங்கள் கிடாவைத்தான் முதலில் சுற்றிக்கொண்டோம்.

அதற்குச் சில வருஷம் முன்புவரை, ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் தெருவே அவர் முகத்தில்தான் விழிக்கும். வாசற்படி தடுக்கிக் குப்புற விழுவார். உடனே எங்கிருந்தோ ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அந்தக் கூட்டம் ஒருநாளும் கண்ணில் படாது. அவர்களைத் தேடி நான் டிவிக்குப் பின்னால்கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவரை டிவிக்காரர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். காதுகுத்தில் எங்கள் ஊர் சிரித்துவிட்டால் பொங்கல் விழாவுக்கும் அவரையே பேசிவிடலாம் என்று மாமா ஊர்ப் பெரியவரிடம் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பித்தான் அவரும் எங்கள் எம்.ரெட்டியபட்டிக்கு வந்தார்.

மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசினார். இல்லாத வாசற்படியைத் தடுக்கி, அதே மாதிரி, அத்தனை அழகாக விழுந்தார். நான் சிரிப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“அய்யய்யோ, பெரியவுக விழுந்துட்டாக! சோடா கொண்டாங்க!” என்று அத்தை ஓடினாள்.

சீரோடு வந்தவர் விழுந்தால் எங்கள் பக்கம் சிரிக்க மாட்டார்கள், அதுவும் தலை நரைத்தவர். ஒருத்தி முழங்காலில் தைலம் தேய்த்தாள். “நடிப்பும்மா, நடிப்பு” என்று அவர் சொல்லச் சொல்ல, ரோஷக்காரர் வலியை மறைக்கிறார் என்று இன்னொருத்தி வேகமாக விசிறினாள். டிவியில் சிரிக்கும் அந்தக் கூட்டம் வரவேயில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர் மாமாவைத் தனியே கூப்பிட்டார். “வேண்டாம்ப்பா. திருவிழாவுல இவுகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

சாயங்காலம் நடிகரைப் பஸ் ஏற்றிவிடப் போன மாமாவோடு நானும் ஒட்டிக்கொண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சிரிக்கிறவுகள எங்க விட்டுட்டு வந்தீக?”

மாமா முறைத்தார். நடிகர் என் பக்கம் குனிந்தார். “அவங்க அடுத்த பஸ்ஸுல வர்றாங்க பாப்பா” என்றார்.

அருப்புக்கோட்டை பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. மாமா கூப்பிடக் கூப்பிட நான் நகரவில்லை. அடுத்த பஸ் வந்தது. பருத்தி மூட்டையோடும் தூங்கும் பிள்ளைகளோடும் இறங்கியவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பாவம், சிரிக்கிறவர்கள் அந்தப் பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாமாவோடு வீட்டுக்கு நடந்தேன்.