எனக்குப் பின்னால் ஓடியவர்

முடிச்சூரில் ஓர் ஓட்டக் குழு நடத்திய பத்து கிலோமீட்டர் பந்தயம். எனக்கு அதுதான் முதல் ஓட்டம். பாதியிலேயே மூச்சு வாங்கியது. விலகிவிடலாம் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்கும் பின்னால் ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். நரைத்த கொண்டை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா, தேய்ந்த ஷூ. நான் நடந்தால் நடந்தார், ஓடினால் ஓடினார்.

அப்பாடா, நான் கடைசி இல்லை! உடனே எனக்குள் ஒரு பயிற்சியாளர் முளைத்துவிட்டார்.

“விட்றாதீங்கம்மா! கையை லூசா வைங்க.”

“சரி சார்” என்று கையைத் தளர்த்திக்கொண்டார்.

இப்படியே அவரை உற்சாகப்படுத்திக்கொண்டு நானும் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டேன். அவர் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். அவரைப் பார்த்ததும் குழுவினர் பேனரை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

“இருங்க, அந்தம்மா இன்னும் முடிக்கலையே?” என்றேன்.

“எங்க பசங்களுக்கெல்லாம் கோச்சே அவங்கதான் சார். வழியில யாரும் தனியா நின்னுடக் கூடாதுன்னு, எப்பவும் கடைசி ஆளுக்குப் பின்னாடிதான் வருவாங்க.”

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். “நல்லா சொல்லிக் குடுத்தீங்க சார்.”

முகத்தில் கேலி தெரிகிறதா என்று தேடினேன். இல்லவே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.