கூப்பிடாமல் வந்த நாற்காலிகள்

வாருங்கள் தம்பி, உள்ளே வாருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும். வீட்டில் எல்லாரும் சுகமா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? ரத்தோட்டை பஸ்ஸில்தானே வந்தீர்கள்? அந்த பஸ் இப்போதும் வழியெல்லாம் நின்று நின்றுதான் வருகிறதா? வேலியில் வெள்ளைக் கொடியைப் பார்த்துவிட்டு, செத்தது யார் என்று கேட்க வாய் வராமல் நிற்கிறீர்கள். பயப்படாதீர்கள், என் பெண்சாதி பார்வதி குசினியில்தான் இருக்கிறாள். ஆனால் அடுப்பு மூட்டவில்லை. ஒரு தேத்தண்ணிகூடத் தர முடியாது, குறை நினைக்காதீர்கள்.

நேற்றுப் பின்னேரம் கொழும்பிலிருந்து மகளுக்கு போன் வந்தது. பேசிவிட்டு அவள் வாசலுக்கு வந்து, "ஹென்னி மிஸ் போயிட்டாங்கப்பா" என்றாள். ஒல்லாந்து தேசத்தில், அவருடைய சொந்த ஊரில். தனியாகத்தான் இருந்தாராம். அடக்கத்துக்கு நாலைந்து பேர்தான் வந்தார்களாம். சாவு எல்லாருக்கும் வருவதுதான். அந்த நாலைந்து பேர் என்ற சொல்தான் என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் என் வெள்ளை வேட்டியைக் கிழித்து வேலியில் கட்டிவிட்டேன்.

அவரைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் உங்களைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தது அவர்தான். நீங்கள் அவர் கவுனை நனைத்த கதையை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சம்பளமில்லாமல் சேவை செய்ய வந்தவர். நாள் முழுதும் மலையில் பிள்ளைகளோடு இருப்பார், பொழுது சாய டவுனுக்கு இறங்கி, இந்தச் சந்தின் கோடி வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு பூனைகூடக் கிடையாது.

அப்போது எனக்கு நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். மடக்கு நாற்காலி, மேசை, தறப்பாள், எல்லாவற்றையும் ஏற்ற ஒரு கைவண்டி. அதன் இடது சக்கரத்தைப் பலாபத்வலையில் ஒரு தச்சு பாஸிடம் செய்வித்தேன். அவர் நல்ல வேலைக்காரர், ஆனால் குடிக்காத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். நான் அதைப் பார்க்காமல் போய்விட்டேன். சக்கரம் கத்துகிற கத்தலில் சந்து நாய்கள் எல்லாம் எழுந்து கூடவே வரும். சரி, அது கிடக்கட்டும். கல்யாணம் என்றால் வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் வண்டியை நகர்த்துவேன். வெள்ளைக் கொடிக்கு அப்படி இல்லை. கொடியைக் கண்டால் முதலில் நாற்காலியை இறக்குவேன். யார் என்று கேட்பது அப்புறம்தான்.

மிஸ் வந்து ஆறேழு மாதம் இருக்கும். எங்களில் ஒருத்தரும் அவர் வீட்டுப் படியை மிதித்ததில்லை. வெறுப்பு ஒன்றும் கிடையாது. துரை பங்களா வாசலில் கூப்பிடாமல் போய் நிற்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளைத் தோலைக் கண்டால் கால் தானாக ஒதுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மிஸ் விறாந்தையில் மேசை போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு தட்டு பிஸ்கட்டும் வைத்து, கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பார்வதி என் கையைக் கிள்ளுவாள். "கொழும்புலேர்ந்து பெரிய ஆளுங்க யாரோ வாறாங்க போலிருக்கு. அந்தப் பக்கம் பாக்காம நடங்க" என்பாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவோம். எங்களுக்காகத்தான் அந்த பிஸ்கட் என்று யாருக்குத் தெரியும்?

அவர் பின்பக்கத்தில் கறிக்குப் போஞ்சிச் செடி போட்டிருந்தார். குரங்குகள் விடவில்லை. மாத்தளைக் குரங்கைப் பற்றிச் சொல்லப் போனால் பொழுது போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் படுக்கை விரிப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, நூலில் முடிந்து, வீட்டைச் சுற்றி வேலி நெடுகக் கட்டிவிட்டுத் தூங்கிவிட்டார். காற்றில் வெள்ளைத் துணிகள் ஆடினால் குரங்கு பயப்படும் என்று அவருக்கு நினைப்பு.

நான் கொடியைப் பார்த்தேன். யாருமில்லாத இடத்தில் இந்தப் பெண் செத்துக் கிடக்கிறாளே என்றுதான் நினைத்தேன். வண்டியை உருட்டிக்கொண்டு போய் நாற்காலிகளை இறக்கினேன். எதிர்வீட்டுச் சிங்களத்தி சோமா அக்கா சோற்றுச் சட்டியோடு அழுதுகொண்டே வந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அதனால் அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோக வேண்டும். அவர்களுக்கும் எங்களுக்கும் இதில் வித்தியாசமில்லை. முன்பு நிழல்கூட விழாத முற்றத்தில் சந்தே வந்து நின்றது.

கதவு திறந்தது. தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மிஸ் நின்றார்.

சோமா அக்கா அழுகையைப் பாதியில் நிறுத்தி, "செல்லையா, மிஸ் நிக்குதுதானே. அப்ப செத்தது யாரு?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? கொடியப் பாத்தேன், எறக்கிட்டேன்."

"இன்னிக்கு என்ன?" என்று மிஸ் கேட்டார். "எல்லாரும் எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஒங்க சாவுக்குத்தான் மிஸ்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் வேலியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "அது போஞ்சிக்கு" என்றார். "குரங்குக்குக் கட்டினது."

முதலில் சிரித்தது சோமா அக்காதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஆனால் சாவு வீட்டுக்கென்று கொண்டு வந்த சோற்றைத் திருப்பிக் கொண்டுபோக ஏலாது. அதனால் இறக்கிய நாற்காலிகளில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மிஸ்ஸும் கையால் பிசைந்து தின்றார், மறுபடி கேட்டு வாங்கியும் தின்றார்.

பொழுது சாய, ஒவ்வொருவராக எழுந்து சொல்லாமல் நடந்தார்கள். எழவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா? செத்தவர் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றாலும் பழக்கம் விடவில்லை. மிஸ் கேட்டடியில் கையைப் பாதி தூக்கியபடி நின்றார். நான் நாற்காலிகளை மடக்கும்போது பக்கத்தில் வந்தார்.

"நான் நெசமா செத்தா வருவீங்களா?"

"கூப்பிடவே தேவையில்ல மிஸ். கொடியப் பாத்தா வந்துருவோம்."

ஒரு நாற்காலியைத் தானே மடக்கித் தந்தார். "அடுத்த கிழம ஊருக்குத் திரும்பிப் போக நெனச்சிருந்தேன். இந்த வீடு பெருசு, சத்தம் சின்னது" என்றார். அடுத்த கிழமை அவர் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் யார் வீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணி குடிப்பார், பேசுவார், சொல்லாமல் எழுந்து போய்விடுவார். ஒரு நாள் பார்வதி கண்டித்தாள். "மிஸ், போறப்ப வாறேன்னு சொல்லணும். சொல்லாம போறது எழவு வீட்டுல மட்டுந்தான்."

"எனக்கு அங்கதானே சொல்லித் தந்தீங்க?" என்று சிரித்தார். மாற்றிக்கொள்ளவே இல்லை.

பிறகு தமிழர் வீடும் கடையும் தேடித் தேடி எரிக்கப்பட்ட அந்த ஆடி மாதம் வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. என் கொட்டகையும் நாற்காலிகளும் வண்டியும் எரிந்துபோயின. மிஸ் எங்களைக் கூட்டிப்போய்த் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துவிட்டு, விறாந்தை நாற்காலியைக் கேட்டுக்கு நடுவே இழுத்துப் போட்டு, மடியில் பிஸ்கட் டின்னோடு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சோமா அக்காவும் ஒரு முக்காலி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எரித்துக்கொண்டு வந்தவர்கள் யாரும் உள்ளே வரவில்லை.

ஊர் அடங்கியதும் சந்து கலைந்தது. சிலர் வவுனியாவுக்கு, சிலர் கப்பலேறி இந்தியாவுக்கு. மிஸ்ஸை அவருடைய ஆட்கள் ஜீப் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் கொட்டகைச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தேன். ஜீப் என்னைத் தாண்டித்தான் போனது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம். "நம்மகிட்டயாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றேன்.

பார்வதி சாம்பலைப் பார்த்தபடி, "எழவு வீட்டுல யாருங்க சொல்லிட்டுப் போவா?" என்றாள்.

அதற்கு மேல் எனக்குக் கோபப்பட வழியில்லாமல் போயிற்று. அன்றைக்கு இந்தச் சந்து முழுதும் எழவு வீடுதான். அவர் முறைப்படிதான் போயிருக்கிறார்.

இப்போது பாருங்கள், அவர் நிஜமாகச் செத்துவிட்டார். வருவோம் என்று வாக்குக் கொடுத்தவன் நான். ஒல்லாந்துக்கு நான் எங்கே போக? அதனால்தான் கொடியை இங்கே கட்டினேன். காலையிலிருந்து போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பெட்டியைக் காணோம், படத்தைக் காணோம் என்று போய்விடுகிறார்கள். எல்லாம் புது முகங்கள். பிரேதம் எங்கே என்று ஒருத்தர் கேட்டார். ஒல்லாந்தில் என்றேன். அவர் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே. சோமா அக்காவுக்கு வயதாகிவிட்டது, படுக்கைதான். அவள் மகன் நிமல்தான் இப்போது நாற்காலித் தொழில் செய்கிறான். அவனுக்கு இன்றைக்கு உக்குவளையில் கல்யாண வேலையாம். நானும் சொல்லி அனுப்பவில்லை. கூப்பிட்டு வருவதற்கு இது கல்யாணமா?

உள்ளே வந்து உட்கார்ந்தது நீங்கள் ஒருவர்தான் தம்பி.

அவருடையது என்று என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை. அவர் உட்கார்ந்த நாற்காலிகூட யாரிடம் போனதோ. ஒன்று மட்டும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்தக் கேட்டைச் சாத்துவதில்லை. விறாந்தையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனால் கூப்பிடுவேன். அன்றைக்கு அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது நானும் ஒரே ஒரு தடவை உள்ளே போய்—

"செல்லையா மாமா, கல்யாண வேலய பொடியன்ககிட்ட விட்டுட்டு வந்தேன், கேட்ட நல்லாத் தொறந்து விடுங்க. நாக்காலிய எங்க எறக்க? அம்மா சோத்துச் சட்டியோட லொறியிலயே இருக்கா, மெல்லத்தான் எறக்கணும். ஆமா, யாரு மாமா செத்தது?"