திரைக்கு அந்தப் பக்கம்

பை நிறையப் பித்தளை வளையங்களோடு சைக்கிளில் போகிறவர் என்பதால் தெருவில் அவருக்கு வளையக்காரர் என்று பேர். புதிதாகக் குடிவந்த பெண்கள் வளையல் விற்கிறவர் என்று நினைத்து நிறுத்துவார்கள். "இருக்கு தாயே, ஆனா ஜன்னலுக்குத்தான் அளவு சரியா வரும்" என்பார். ஜன்னல்களுக்குத் துணி தைத்து மாட்டுவது அவர் தொழில். மாடிவீட்டுக்காரர்கள் அதைக் கர்ட்டன் என்பார்கள், ஆபீஸ் ஆட்கள் ஸ்கிரீன் என்பார்கள், நாடகக் கொட்டகைக்காரர் படுதா என்று அதட்டுவார். யார் எந்தப் பேரில் கேட்டாலும் இவர் கம்பியிலிருந்து தரைவரை அளந்து, அரை அங்குலம் குறைத்துத்தான் வெட்டுவார். தரையைப் பெருக்குகிற துணி அவருக்கு ஆகவே ஆகாது.

வீட்டில் மட்டும் அதற்குத் திரை என்று பேர். இருப்பதே ஒற்றை அறை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மிஞ்சின துண்டுகளை ஒட்டுப்போட்டு நடுவில் ஒன்று மாட்டினார். அன்றைக்கே அவர் மனைவி சட்டம் போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் பேசினது இந்தப் பக்கம் காதில் விழக்கூடாது. விழுந்து தொலைத்தாலும் வாயில் வரக்கூடாது.

அடுத்த வாரமே இவர் மாட்டிக்கொண்டார். காலையில் டீயைக் கையில் வாங்கியவர், "ஏன்டா, நானா குறட்டை விடறேன்?" என்று மகனைக் கேட்டுவிட்டார். "திரை!" என்று ஒரு அதட்டல் போட்டாள் மனைவி. புதுப்பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் எதைப் பேசக்கூடாதோ அதற்கெல்லாம் திரை என்றே பேராயிற்று. பக்கத்து வீட்டுச் சண்டை திரை. சித்தப்பா மகள் வீட்டை விட்டுப் போனது திரை. கடைசியில், "என்னடி, ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறே?" என்று இவர் மனைவியைக் கேட்டபோதும் அவள் சிரித்துக்கொண்டு, "திரை" என்றாள். ஒரு வருஷம் அப்படியே ஓட்டினாள். மார்பில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் போன பிறகு, வேன் ஓட்டிப் பிழைக்கிற மகன் ஆறு மாதம் வேன் சாவியைத் தொடவில்லை. அவளைக் கடைசிவரை குளிப்பாட்டித் துடைத்தது மருமகள்தான்.

இது நடந்து மூன்று வருஷம். போன மாதம் ஒரு மத்தியானம், கம்பி மாட்டப் போன வீடு பூட்டியிருந்ததால் வளையக்காரர் சீக்கிரம் திரும்பி வந்து பாயில் சாய்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் மருமகள் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வலியெல்லாம் இல்லக்கா. சின்னதா கட்டி. மாருல, இடது பக்கம். அத்தைக்கு இருந்த மாதிரியே இருக்கு... ஐயோ, அவர்கிட்டயா? வேணவே வேணாம். அவர் தாங்க மாட்டார்க்கா."

வளையக்காரர் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து கேட்டுவிடலாம். என்னவென்று கேட்பது? மாமியார் இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். மாமனார் எந்த வாயால் அந்த வார்த்தையைச் சொல்வது? சத்தம் காட்டாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மூன்று நாள் மென்று முழுங்கினார். நாலாம் நாள் காலையில், வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மகனிடம் போய் நின்றார்.

"அவளை ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா."

"ஏம்பா, அவளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. முகம் வாடின மாதிரி இருக்கு."

மகன் துணியை உதறிவிட்டு வாசலிலிருந்தே கத்தினான். "ஏய், உனக்கு உடம்பு சரியில்லையா? அப்பா சொல்றார்!"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பிறகு அவள் வாசலுக்கு வந்து மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து போன் பேச்செல்லாம் மொட்டைமாடிக்குப் போய்விட்டது. உள்ளதையும் கெடுத்தார் மனுஷன்.

அப்புறம் செய்தார் பாருங்கள் ஒரு வேலை! தூசி படிந்துவிட்டது என்று திரையைக் கழற்றித் துவைத்துப் போட்டார். அரை நாளில் காய்ந்த துணியை மடித்துப் பெட்டி மேல் வைத்துவிட்டு, நாலு நாளாக அந்தப் பக்கமே திரும்பவில்லை. மறைப்பு இல்லாவிட்டால் அவளுக்கு மனசுவிட்டுப் பேச வருமென்று எண்ணம். முப்பது வருஷம் திரை மாட்டின ஆளுக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா? பேச வரவில்லை. மூன்று பேரும் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் எங்கேயோ போய்விட்டு வந்த மருமகள், மடித்த துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மாட்டுங்க மாமா."

முக்காலி போட்டு ஏறி, வளையம் வளையமாகக் கோத்து மாட்டினார். அவள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அன்னைக்கு நான் அக்காகிட்ட பேசினப்ப நீங்க இங்கதான் இருந்தீங்க. பேச்சு நடுவுல ஜன்னல் வழியாப் பாத்தேன், வாசல்ல உங்க செருப்பு கிடந்துச்சு. பேசி முடிச்சிட்டு வந்து பாத்தா இல்ல."

அவர் முக்காலியின் மேல் உட்கார்ந்தார்.

"நானே போய்க் காமிச்சேன் மாமா. ஊசியால குத்தி எடுத்தாங்க. இன்னைக்குச் சொல்லிட்டாங்க. அத்தைக்கு வந்ததுதான்."

"ஆரம்பம்தானேம்மா? ஆரம்பம்னுதானே சொன்னாங்க?"

"இல்ல மாமா."

"இந்தப் பக்கம் வாம்மா. என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

"முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது. அதுக்குத்தான் மாட்டச் சொன்னேன்."

துணியை விலக்கக் கையைத் தூக்கினார். தூக்கின கை பாதியில் நின்று, தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும். ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நாலு நாள் அவர் சிரிச்சிட்டு இருக்கட்டும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதுவரைக்கும் திரை, மாமா."

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் அவசரமாக மறுபடி முக்காலியில் ஏறினார். மகன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"அப்பாடா, ஒரு வழியா மாட்டியாச்சா! என்னப்பா, திரும்ப முக்காலியில ஏறி நிக்கறீங்க?"

"வளையம் ஒண்ணு சிக்கிக்கிச்சுடா."

"நல்லாத்தானே தொங்குது?"

"இல்லடா, நீ போய்க் கை கால் கழுவு" என்றார் சுவரைப் பார்த்தபடி. சரியாகவே இருந்த வளையத்தைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். மகன் அந்த இடத்தை விட்டுப் போகும்வரை அவர் கீழே இறங்கவில்லை.