தையல் போட்ட புலி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது; ஞாபகமும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கேபிள் டிவியில் பொழுதுக்கும் புலி ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதன்முதலில் பார்த்த புலிப்படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெங்களூர் அல்சூரில் இருந்தோம். என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். ஒருநாள் ஒரு புலிப்படத்தைக் கொண்டுவந்து, பந்திப்பூர்க் காட்டில் தானே எடுத்தது என்றார். உயரமான புல், நடுவே வாயைப் பிளந்தபடி புலி. வீடே வாயடைத்துப் போனது. நானோ எப்போதுமே வாயடைத்தவள். யாராவது பேர் கேட்டால்கூட அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவேன். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்பாள் அம்மா. ஆனால் அந்தப் படத்தை மட்டும் தினமும் கைநீட்டி வாங்கி, வரி வரியாகப் பார்ப்பேன்.

மாமாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆள் எலும்பும் தோலுமாக இருந்ததால் வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. ஒக்கலிபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது மாமா படத்தையும் எடுத்துக்கொண்டார். பேசாத பிள்ளை, வம்பில்லை என்று என்னையும் கூட்டிப்போனார்கள்.

பெண்ணின் அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். "ஜாஸ்தி கிட்டப் போயிட்டீங்களே தம்பி, பயமா இல்ல?"

"பயந்தா நடக்குமா சார்?" என்றார் மாமா.

அவர் சும்மா மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, "என்ன பாப்பா, உங்க மாமா புலி எப்படி?" என்றார்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எப்படி வந்ததோ, பேசிவிட்டேன்.

"ரொம்ப நல்ல புலி. ஒரு மீசை உடைஞ்சிருக்கு. காதைப் பூச்சி அரிச்சிருக்கு. பாவம், வயித்துல ஆபரேஷன் பண்ணித் தையல் போட்டிருக்காங்க, தலகாணிக்குப் போடற மாதிரி. அப்பவும் மாமாவ ஒண்ணும் பண்ணாம நிக்குது."

பெண்ணின் அப்பா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"ஒரு ஆபீசர் பங்களாவுல பஞ்சடைச்சுப் பாடம் பண்ணி வச்ச புலி சார்," என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. "வெயில் காட்டறதுக்குப் புல்லுல வச்சிருந்தாங்க."

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலில் அடக்கிய சிரிப்பு, பிறகு அடங்காத சிரிப்பு. "உள்ள என்ன சத்தம்?" என்று அவர் அதட்டியும் நிற்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம், "இத்தன நாள் இல்லாம இன்னைக்கா இவளுக்குப் பேச்சு வரணும்?" என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். மாமா மட்டும், "மீசை உடைஞ்சத நான்கூடப் பாக்கல பாப்பா," என்றார்.

சில நாளில் அவர்கள் வீட்டிலிருந்து வெற்றிலைபாக்கோடு வந்துவிட்டார்கள். புலி பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் பெண் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று அந்தக் கூடத்தில் என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்டார்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொன்ன சம்மதம்தான் அந்தச் சிரிப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

மாமா சொன்ன காடு பந்திப்பூர்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அன்று சிரித்த அந்தப் பெண், என் அத்தை, காக்ஸ் டவுனில்தான் இருக்கிறார். யாராவது அவரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.