வட்டத்துக்கு வெளியே ஒரு குஞ்சு

அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையில் கால் நூற்றாண்டு தொலைபேசி எடுத்தவர் அக்கா. அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான், வயதில் மூத்த மேலதிகாரி உட்பட. தீ, விபத்து, பிரசவ வலி என்று யார் அலறினாலும் அவர் குரல் ஏறாது. வீட்டில் மட்டும் ஏறும். காரணம், கணவர்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அடுத்தவர் காரில் போகும்போதும் இல்லாத பிரேக்கை அவர் கால் தேடும். இருவரும் ஓய்வுபெற்றதும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக் கடலில் இறங்கினார்கள். அவர் ஓட்டுவார், அக்கா வேடிக்கை பார்ப்பார். வேடிக்கை எல்லாம் பறவைகள்தான். எது எதனுடன் சண்டை, எது யாருடைய மீனைத் திருடுகிறது என்று பைனாகுலரை இறக்காமல் பார்ப்பார். "சீரியல் ஆரம்பிச்சாச்சு. இனி டீ கிடைக்காது" என்பார் வாத்தியார்.

வழியில் நங்கூரம் போட்ட ஆளில்லாத ஒரு தீவில் அக்காவைக் கட்டிப்போட்டவை, முகமூடி போட்டதுபோல் கறுத்த முகம் கொண்ட பெரிய வெள்ளைக் கடற்பறவைகள். அவை கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் முட்டையிட்டு, சுற்றிலும் எச்சம் பீய்ச்சி, வெள்ளையாக ஒரு வட்டம் போட்டுக்கொள்கின்றன. வட்டத்துக்குள் இருப்பது பிள்ளை. ஒரு முழம் தள்ளிக் கிடந்தால் அது யாரோ. வந்த மறுநாளே ஒரு குஞ்சு காற்றில் உருண்டு வெளியே விழுந்தது. தாய் காலி வட்டத்தில் உட்கார்ந்திருக்க, பக்கத்திலேயே அது கத்திக் கத்தி அடங்கியது. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஏன் என்று வாத்தியாரிடம் சொல்லவும் இல்லை.

சொல்லியிருக்கலாம்.

படகின் ஏணியில் வழுக்கி அக்காவின் முட்டி வீங்கியிருந்ததால், கரையில் விட்டுவந்த கேமரா ஸ்டாண்டை எடுக்க வாத்தியார் படகோடு கட்டியிருந்த சிறு தோணியில் தனியாகத் துடுப்பு போட்டுப் போனார். அக்கா படகின் கூரையிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். துடுப்பை ஊன்றி நடந்துகொண்டிருந்த வாத்தியார் குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் பஞ்சு உருண்டை போல ஏதோ இருந்தது.

அக்கா வாக்கி டாக்கியை அழுத்தினார். "என்னங்க, கையில என்ன?"

"பாவம்மா, தனியா வெயில்ல கெடந்துச்சு. பாறை நிழல்ல வெச்சுட்டேன். ரெண்டடிகூட இல்ல. ஏசி ரூம் மாதிரி இருக்கு."

அக்கா பதில் சொல்வதற்குள் தாய்ப்பறவை இறங்கியது. நேரே வட்டத்துக்குள் நடந்து, காலி இடத்தில் உட்கார்ந்தது. பாறையடியில் குஞ்சு வாயைத் திறந்து கத்தியது. தாய் திரும்பவே இல்லை. மேலே கத்தரிக்கோல் வால்கொண்ட கறுப்புப் பறவை ஒன்று வட்டம் போடத் தொடங்கியது. காவலில்லாத குஞ்சு அதற்கு ஒரே கவ்வு.

"அசையாதீங்க. அப்படியே உக்காருங்க."

"எங்க? எச்சத்துலயா?"

"எச்சத்துலதான். வட்டத்துக்கு வெளிய இருந்தா அம்மா அத தொடாது, செத்துரும். திரும்ப உள்ள வைக்கணும். எழுந்து போனீங்கன்னா சுத்தி இருக்கிற எல்லாம் பறந்துரும். அப்பறம் மேல இருக்கிறவனுக்குப் பந்திதான்."

வாத்தியார் உட்கார்ந்தார். "சரி, இப்ப?"

"குஞ்ச தொப்பிக்குள்ள எடுங்க. தொப்பிய துடுப்பு மேல வெச்சு மெதுவா தள்ளுங்க."

அந்த நேரம் காற்று திசை மாறியது. படகு திரும்பிற்று. கீழே நங்கூரச் சங்கிலி பாறையில் உராய்ந்து உறுமியது. பின்பக்கம் பவளப்பாறை, அலை உடையும் வெள்ளை நன்றாகத் தெரியும் தூரத்தில்.

"அது என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்ல. இன்னும் தாழ்த்தித் தள்ளுங்க."

"நங்கூரம் பிடி விட்டு இழுபடுதா?"

"என் வண்டிய நான் பாத்துக்கறேன். நீங்க உங்க வண்டிய ஓட்டுங்க."

ஒரு கையில் வாக்கி டாக்கியுடன், இன்னொரு கையால் கூரை விளிம்பைப் பிடித்து, ஒற்றைக் காலில் நொண்டி முன்னால் போய், நங்கூரம் மறுபடி பிடிக்கட்டும் என்று சங்கிலியை இன்னும் கொஞ்சம் விட்டார். படகு நின்றதா, நகர்கிறதா என்று தெரியவில்லை. பைனாகுலரை எடுத்தார்.

தாய் துடுப்பைக் கொத்தியது. அடுத்த கொத்து வாத்தியாரின் விரலில். "யம்மா!" என்ற சத்தம் வாக்கி டாக்கி இல்லாமலே கேட்டது. ஆனால் கை பின்வாங்கவில்லை. தொப்பி கவிழ்ந்தது. குஞ்சு வெள்ளைக் கோட்டின் மேலேயே விழுந்தது. தலை உள்ளே, உடம்பு வெளியே.

"லேசா ஒரு தட்டு தட்டிரட்டுமா?"

"வேணாம். துடுப்ப எடுத்துருங்க."

கத்தரிவால் தாழ்ந்தது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் அலை உடையும் சத்தம் முன்பைவிடப் பக்கத்தில் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குஞ்சு வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்து கோட்டைத் தாண்டியது. தாய் அலகை உயர்த்தியது. அலகு இறங்கி, குஞ்சின் கழுத்துக்கடியில் நுழைந்து, அதைத் தன் பாதங்களின்மேல் நெம்பி ஏற்றிக்கொண்டது. பிறகு வயிற்றை இறக்கி மூடியது. குஞ்சு கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஏத்துக்கிச்சா?"

"ஏத்துக்கிச்சு. இப்ப தவழ்ந்தே பின்னால வாங்க. தண்ணி வந்ததும் வேகமா துடுப்பு போடுங்க. நங்கூரம் இழுபடுது."

"இத முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா எழுந்து ஓடியிருப்பீங்க."

வாத்தியார் படகில் ஏறி வந்தபோது அக்கா எஞ்சினைப் போட்டுப் படகைக் காற்றுக்கெதிராக நிறுத்திவைத்திருந்தார். அவர் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. அக்கா காட்டச் சொன்னார், அவர் காட்டவில்லை. இருவரும் முன்னால் போய்ச் சங்கிலியை இழுத்தார்கள். தீவின் மேல் கத்தரிவால் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. அதை எடுக்க அக்காவுக்குக் கை ஒழியவில்லை.