தவிட்டுக்கு வாங்கிய பேத்தி

குழந்தைகள் நலக் குழு கூடும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்கார்ந்திருந்த காலையில்தான் என் கைகளுக்கும் நடுங்கத் தெரியும் என்று கண்டுகொண்டேன். நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வம்பு செய்கிற குடிகாரர்களை நடுவழியில் பஸ்ஸை நிறுத்திக் காலரைப் பிடித்து இறக்கிவிட்ட கைகள் இவை. அன்றைக்கு வேட்டி நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தன.

உள்ளே என் பேத்தி இருந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள். அவளிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களோடு எங்கள் ஊர் தாமலுக்கு அனுப்புவதா, அவளுடைய அப்பாவிடமே கொடுப்பதா, குழந்தைகள் இல்லத்திலேயே வைத்திருப்பதா என்று அன்று முடிவாகும். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுவென்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப் பெஞ்சில் மருமகன்.

எங்கள் ஒரே மகள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மருமகனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, செவிலிமேட்டில் வாடகை வீடு. அவள் போனதிலிருந்து குடி. "புள்ளைய எங்ககிட்ட உடுப்பா, நாங்க பாத்துக்கிறோம்" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். "என் கொழந்தைய எனக்குப் பாத்துக்கத் தெரியும் மாமா" என்பான். பார்த்துக்கொண்ட லட்சணம், பள்ளிக்கூட டீச்சர் அவள் காலில் பெல்ட் தழும்பைப் பார்த்தபோது தெரிந்தது. டீச்சர் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். அன்று சாயங்காலமே குழந்தையை இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த டீச்சர் நன்றாக இருக்க வேண்டும்.

இடையில் ஒருநாள் இல்லத்தில் அவளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று போனால், வார்டன் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் அவளிடம் என்ன சொல்லி வைத்தார்களோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களையும் மருமகனையும் உள்ளே கூப்பிட்டார்கள். பேத்தியைப் பக்கத்து அறைக்கு அனுப்பியிருந்தார்கள். தலைவராக இருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பெரியவரே, இந்தக் குழந்தைய நீங்க வாங்கினீங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"அவங்கம்மா வித்தாங்க, தாத்தாவும் ஆயாவும் வாங்கினாங்கன்னு குழந்தை சொல்லுது. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுது."

போலீஸ், ஜெயில் என்று என் புத்தி எங்கெங்கோ ஓடியது. இனிமேல் அவளைக் கண்ணால் பார்க்கவே முடியாதோ என்று பயந்தேன். மருமகனுக்கு விஷயம் தெரியும். அவளை வாங்கிய அன்றைக்குக் கூடவே நின்றவன். வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான். எழுந்து நாலு அறை விடலாமா என்றிருந்தது. விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மனைவிதான் பேசினாள். "மேடம், அது தவுட்டுக்கு வாங்கனதுங்க! எம்பொண்ணுக்கு மொதல்ல ரெண்டு பொறந்து ரெண்டும் தங்கல. இதுவாவது நிக்கட்டும்னு மொறத்துல போட்டு வாங்கினோம்."

அது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த குழந்தையை முறத்தில் போட்டு மாட்டுக்கொட்டகைக் குப்பைமேட்டில் வைத்தோம். மனைவி ஒரு படி தவிட்டை மகள் மடியில் கொட்டிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். பெற்றவள் விற்றுவிட்டால் எமன் அந்தப் பக்கம் வரமாட்டானாம். பிறகு தெருவே பேத்தியைக் கிண்டல் செய்யும். "ஏ, உன்ன தவுட்டுக்குத்தான வாங்கினாங்க?" என்றால், "ஆமா, ஒரு படி!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

குழுவில் இருந்த வயதான ஒருவர் சிரித்துவிட்டார். "எங்கண்ணனும் தவுட்டுக்கு வாங்கனவருதாம்மா" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் தலைவர் சிரிக்கவில்லை.

"வழக்கம் எங்களுக்குப் புரியுது. குழந்தைக்குப் புரியல. ஒரு கேள்வி வச்சிருக்கா. நீங்களே பதில் சொல்லுங்க" என்றார்.

அவளை அழைத்து வந்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"தாத்தா, என்னை இங்க குடுத்துட்டு எத்தினி படி தவுடு வாங்கிக்கின?"

நான் அழுதேன். பொம்பளை மாதிரி அழுகிறானே என்று யார் நினைத்தாலும் நினைக்கட்டும் என்று அழுதேன். "குடுக்கலமா. உன்ன யாருக்கும் குடுக்கல. உங்கப்பா அடிச்சதால இட்டுக்கினு வந்தாங்க" என்றேன். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

எங்களோடு அனுப்பினார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை தற்காலிகமாக என்றார்கள். அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். மருமகன் அந்த அதிகாரிகள் முன்னிலையில்தான் அவளைப் பார்க்கலாம். வாசலில் பைக் நின்றால் இன்றும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அந்த 'அடுத்த உத்தரவு' எந்தப் பைக்கில் வருமோ, யாருக்குத் தெரியும்?

அவள் வந்த சில நாளில் மாட்டுக்குத் தவிடு வந்தது. வழக்கமாகக் கொண்டுவருகிற ஆட்டோக்காரர் மூட்டையைத் தொப்பென்று வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நான் உள்ளே போய் மூட்டை வாயை அறுக்கக் கத்தி எடுத்து வருவதற்குள், பேத்தி செருப்பு மாட்டி, புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூட்டை பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். அழவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"யாரு தாத்தா வாங்கியிருக்காங்க?"

"இது மாட்டுக்கு வந்ததுமா" என்றேன்.

"நெஜமாவா?"

மூட்டையைப் பிரித்தேன். தண்ணீரில் கலந்து அவள் கண்ணெதிரே மாட்டுக்கு வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தாள். மாடு குடித்து, தொட்டியின் அடியை நக்கி முடித்த பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.