மூன்றாவது பொட்டலம்

அன்று காலை என் சட்டைப் பையில் மனைவியின் தாலிக்கொடி இருந்தது. அவளே கழற்றிக் கொடுத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜார்ஜ்டவுனில் அடகுக் கடை திறக்கும்வரை போக இடமில்லாமல் முருகன் சந்நிதிக்கு வந்து நின்றேன். செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது கொடுத்த பணத்தைப் போட்டு, பாமாயில் முன்பேர வியாபாரம் பழகத் தொடங்கியிருந்தேன். பின்னால் வரும் மாதத்துச் சரக்கை இன்றே விலை பேசுவது. கொஞ்சம் முன்பணம் கட்டினால் பெரிய சரக்கைப் பிடிக்கலாம். விலை எதிராகப் போனால் மேலே மேலே கட்ட வேண்டும். சொல்லித்தர யாரையும் நான் தேடவில்லை. சுங்கை பாக்காப் எஸ்டேட்டில், பாமாயில் தரும் செம்பனை மரங்களுக்கு நடுவே பிறந்தவனுக்கு யார் சொல்லித்தருவது என்ற திமிர். மழை விடாமல் பெய்தது. குலை வெட்ட முடியாது, விலை ஏறும் என்று வாங்கினேன். எங்கள் ஊர் மழைக்கு உலகச் சந்தை என்ன செய்யும்? விலை சரிந்தது. அன்று சந்தை திறப்பதற்குள் மேலும் பணம் கட்டச் சொல்லிவிட்டார்கள் தரகுக் கம்பெனிக்காரர்கள்.

"முருகா, தனியா முடியலப்பா. ஒரு ஆளக் காட்டு" என்று அழுதேன். ஆனாலும் புத்தி போகவில்லை. சாமியிடம் பூக் கேட்க, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினேன். சிவப்பு வந்தால் பணம் கட்டிச் சரக்கை வைத்திருப்பது. வெள்ளை வந்தால் எல்லாவற்றையும் விற்று, விலை இன்னும் இறங்கும் என்று கையில் இல்லாத சரக்கையும் விற்று, விட்டதைப் பிடிப்பது. இரண்டுக்கும் தாலிதான் முதல். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன்.

"எடுக்கிறேண்ணே. என்னா விஷயமா கேக்குறீங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பெயர் மாலா, என்னைவிடச் சின்னவள். ஒரு கம்பெனிக்காக இதே பாமாயில் சந்தையில் வாங்கி விற்பதுதான் அவள் வேலை. நான் கேட்ட ஆள் இவள்தானோ என்று முருகனைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டு பொட்டலமும் ஆடத்தான் சொல்லுது. வெளிய வர்றதுக்கு மூணாவது பொட்டலம் எங்கண்ணே? போதும்லா. முடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

"போன காசு?"

"போனது போனதுதான். பையில இருக்கிறது இன்னும் போகலல்ல?"

சந்தை திறந்ததும் கோயில் படியில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே சரக்கை விற்றுக் கணக்கை முடித்தேன். ஆட்குறைப்புப் பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வீட்டில் கொடியை நீட்டினேன். மனைவி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்த அழுகையை அழுதாள்.

இப்போது ஜுருவில் கார் விற்கும் இடத்தில் வேலை. ஓய்வு நாளில் மாலா சொல்லித்தருகிறாள். காசு போடாமல், நோட்டில் எழுதித்தான் பழகுகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், "தோத்தா எங்க நிறுத்துவீங்க, அத முதல்ல சொல்லுங்க" என்பாள். சில நாள் எரிச்சல் வரும். பிறகு மனைவியின் கழுத்தைப் பார்ப்பேன்.

அன்பர்களே, உங்களுக்கும் கையில் பொட்டலத்தோடு நிற்கும் நாள் வரலாம். ஏறுமா இறங்குமா என்று முருகனைக் கேட்காதீர்கள். ஓர் ஆளை அனுப்பு என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.